செவிவழிச் சேப்பாக்கம்
(வானொலித் தமிழ்க் கிரிக்கெட் வருணனை: ஒரு திறனாய்வு)

போர்க்களத்தைக் காணாதவர்க்குப் போரைச் சொல்லிக் காட்டுவது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பாரதத்தில் கண்ணில்லாத திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் குருக்கேத்திரத்தை எடுத்துரைக்கிறான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில், கலிங்கத்திலிருந்து வந்த பேயொன்று கருணாகரத் தொண்டைமானின் போரைக் காளிக்கு விரித்துச் சொல்கிறது. முன்னவன் காண இயலாதவன்; பின்னவள் காணும் இடத்தில் இல்லாதவள். வானொலியின் முன் அமர்ந்து கிரிக்கெட் கேட்டு வளர்ந்த நம்மவர் இந்த இரண்டாம் வகையினர். ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. நாம் சித்தூரில் இருந்தோம்.

சஞ்சயனையும் பரணிப் பேயையும் புலவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சேப்பாக்கத்து ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நாள் முழுவதும் தமிழ் பேசியவர்களை இலக்கியக் கண்கொண்டு எவரும் நோக்கியதாக நாம் கண்டதில்லை. விளையாட்டுச் செய்தியென்று அதனை ஒதுக்கிவிட்டார்கள். அது செய்தி மட்டுமன்று, வாய்மொழித் தமிழ் உரைநடையின் ஒரு வகை. நம் மொழியின் இலக்கண அமைப்பிலிருந்தே வலிமை பெற்ற கலை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சொந்த நினைவுகளும் இடையிடையே புகும், அன்பர்கள் பொறுத்தருள்க.

அலைவரிசைக்கு எல்லையில்லை

வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் கொண்டு 1911-இல் அமைந்தது சித்தூர் மாவட்டம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது. வானொலியின் மத்திய அலையில் விழவில்லை. சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு பகற்பொழுதில் நம் தெருவுக்குத் தெளிவாகவே வந்தது. டிரான்சிஸ்டர் பெட்டியை மேசைமேல் வைத்து மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் ஒலி தேய்ந்தும் மற்றொரு திசையில் ஓங்கியும் கேட்கும். ஓங்கும் திசையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு வைத்திருந்தார் நம் தந்தையார். அந்தக் கோட்டின்மேல் பெட்டியை வைத்துவிட்டால் நம் வீட்டுத் திண்ணையே சேப்பாக்கத்தின் ஒரு மூலையாகிவிடும்.

தந்தையார் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பணி நிமித்தம் குடிபெயர்ந்தவர். நாம் பயின்றது தெலுங்குப் பள்ளி. தமிழ் எழுத்துகளை அன்னையார் அரிசித் தட்டில் எழுதிக் காட்டினார். வீட்டில் பேசிய தமிழோ சோறு, குழம்பு, சண்டை, சமாதானம் ஆகிய எல்லைக்குள் அடங்கியது. முழு வாக்கியங்களாக, எழுவாயும் பயனிலையும் இயைந்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் செந்தமிழை ஒட்டிய தமிழ் நம் காதில் விழுந்தது கிரிக்கெட் வருணனையால்தான். பத்து வயதில் நாம் கற்ற தமிழாசிரியர் யாரென வினவினால், ஊர் பேர் தெரியாத ஒரு குரலைத்தான் சுட்ட வேண்டியிருக்கும். இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவர்கள் பலருக்கும் இது பொருந்தும் என நம்புகிறோம்.

முன்னோடிகள்

இந்தியாவில் கிரிக்கெட் வருணனையைத் தொடங்கி வைத்தவர் ஏ. எஃப். எஸ். தல்யார்கான். 1934-இல் பம்பாயில் தொடங்கிய அவர், நாள் முழுவதும் துணையின்றித் தனியொருவராகவே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறரோடு பங்கிட அவர் இசைந்ததில்லை. 1954-55 பருவத்தில் சென்னை அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது தலைமை தாங்கிய பாலு அழகனன், பின்னர் ஆங்கில வருணனையாளராக வானொலியில் அமர்ந்தார். களத்தில் கோப்பை வென்றவர் சொல்லாலும் களத்தைக் காட்டினார் என்பது நம் பக்கத்துக்குப் பெருமை.

அகில இந்திய வானொலியின் தேசிய ஒலிபரப்பில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வரும். தமிழ் வருணனை 1980-களின் தொடக்கத்தில் சென்னை நிலையத்தின் வழியே வேர்கொண்டது. அப்போது ஒலித்த பெயர்களில் இரண்டு நம் செவியில் நிலைத்தவை. ஒருவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், மற்றவர் ராமமூர்த்தி. வானொலி நாடகத்தில் தோய்ந்த அப்துல் ஜப்பாரின் குரலில் ஏற்ற இறக்கமும் எடுப்பும் இருந்தன. ஒரு பந்து வீச்சையே ஒரு நாடகக் காட்சியாக அவர் கட்டுவார். ராமமூர்த்தியைக் கேட்கையில் ஆட்டம் தெரிந்த மூத்தவர் ஒருவர் அருகிருந்து விளக்குவது போன்ற ஓர் அணுக்கம் தோன்றும். 2020 டிசம்பரில் அப்துல் ஜப்பார் மறைந்தார் என்ற செய்தி வந்தபோது, நேரில் ஒருமுறையும் காணாத அம்மனிதருக்காக நம் இல்லத்தில் அன்று மாலை எவரும் உரக்கப் பேசவில்லை.

வினைமுற்றின் வலிமை

இனி வருணனையின் உள்ளமைப்புக்கு வருவோம். ஆங்கிலத் தொடரில் வினை முன்னே நிற்கும். முடிவு முதலிலேயே வெளிப்பட்டுவிடும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. அது மட்டுமன்று. செய்தாரா, செய்யவில்லையா என்பதை அவ்வினையின் கடைசி உறுப்பே தெரிவிக்கிறது. நாமே கட்டிக் காட்டும் ஒரு மாதிரியை நோக்குக: "ஓடி வந்து வீசினார், அளவு குறைந்த பந்து, பின்காலில் நின்று வெட்டி ஆடினார், பந்து உயர எழும்பிக் கவர் திசையில் செல்கிறது, தடுப்பாளர் வலப்புறம் பாய்ந்து, ஒரு கையை நீட்டி, பந்தைப் பிடி..." இந்த இடத்தில் மூச்சு நிற்கிறது. 'பிடித்தார்' என்று முடியுமா, 'பிடிக்கத் தவறினார்' என்று முடியுமா? இரண்டு அசைகளில் ஓர் ஊரின் மகிழ்ச்சியும் துயரமும் தொங்குகின்றன.

இதனைச் செயற்கையாக எவரும் உண்டாக்கவில்லை. நம் தொடரமைப்பு இயல்பாகவே இப்படி. வினையெச்சங்களை அடுக்கி வினைமுற்றை இறுதியில் வைக்கும் நம் வாக்கியம், ஓட்டம், வீச்சு, அடி, துரத்தல், முடிவு என்று செல்லும் ஒரு பந்தின் வாழ்நாளை அப்படியே ஒத்திருக்கிறது. ஒரு பந்துக்கு ஒரு வாக்கியம். இந்தப் பொருத்தத்தை இலக்கண நூல் படித்து அவர்கள் கண்டறியவில்லை. பேசிப் பேசியே கண்டறிந்தார்கள். வருணனையாளர்களின் முதற்பெருஞ் சாதனை இதுவே என்பது நம் துணிபு.

இரண்டாவது சாதனை, ஒரே நிகழ்ச்சியைப் பலமுறை சொல்ல நேரும்போது சலிப்புத் தட்டாமல் சொன்னது. 1988 ஜனவரி 11 முதல் 15 வரை, பொங்கல் விழாவையொட்டி, மேற்கிந்தியத் தீவுகளோடு சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. புதுமுகம் நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் காப்பாளர் கிரண் மோரே இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் ஐவரை ஸ்டம்பிங் செய்தார். மட்டையாளர் முன்னேறி வருகிறார், பந்து சுழன்று ஏமாற்றுகிறது, காப்பாளர் குச்சிகளைத் தட்டுகிறார்: நிகழ்ச்சி ஐந்து முறையும் ஒன்றே. ஐந்து முறையும் ஒரே தொடரைச் சொன்னால் கேட்பவன் எழுந்து கரும்பு கடிக்கப் போய்விடுவான். ஒருமுறை மட்டையாளரின் காலிலிருந்து தொடங்க வேண்டும்; மறுமுறை பந்து விழுந்த இடத்திலிருந்து; பிறகு காப்பாளரின் கையிலிருந்து; வேறொருமுறை கூட்டத்தின் கூச்சலிலிருந்து. அன்று நாம் கரும்பு கடிக்கப் போகவில்லை. நோக்கும் இடத்தை மாற்றினால் பழைய பொருளும் புதிதாகும் என்ற உண்மையை, பின்னாளில் இளங்கலை வகுப்பில் பாடமாகக் கேட்டபோது, முன்பே எங்கோ கேட்டதாகத் தோன்றிற்று.

சொல் தேடிய காலம்

மூன்றாவது, சொல்லாக்கம். மட்டையாளர், பந்து வீச்சாளர், ஆடுகளம், எல்லைக்கோடு, சுழற்பந்து, ஓட்டம், ஆட்டமிழந்தார் என்னும் சொற்களை இன்று நாளேடுகள் தயக்கமின்றி அச்சிடுகின்றன. அச்சேறுவது ஒன்று; நாவில் புரள்வது வேறு. விரைந்து பேச நேரும் வேளையில் இடறாமல் ஓடும் சொல்லே நிலைக்கும். வானொலி அந்தச் சோதனையை நடத்தியது. 'விக்கெட்' என்பதைச் சென்னையில் மாற்றவில்லை. இலங்கைத் தமிழர் 'இலக்கு' என்றனர். மட்டையாட்டத்தைத் 'துடுப்பாட்டம்' என்றனர். நம் செவிக்குத் துடுப்பு படகை நினைவூட்டும். ஆயினும், மட்டையின் வடிவத்தைக் கண்முன் நிறுத்தும் சொல் அதுவே என்பதையும் ஒப்ப வேண்டும்.

ஓரிடத்தில் நம் சொற்கிடங்கு இடர்ப்பட்டது. 1986 செப்டம்பர் 22 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில், கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங் ஆட்டமிழக்க, இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சரிசமமாக நின்றன. டெஸ்ட் வரலாற்றில் அப்படி நிகழ்ந்தது அது இரண்டாம் முறை. முதல்முறை 1960-இல் பிரிஸ்பேனில். நேரம் தீர்ந்து முடிவின்றிப் போகும் ஆட்டத்துக்கும், ஓட்டங்கள் ஒத்து நிற்கும் ஆட்டத்துக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள். நம்மிடமோ இரண்டுக்கும் 'சமநிலை' என்ற ஒன்றே புழங்கியது. எட்டு வயதுச் சிறுவனாகிய நமக்கு விளங்கவில்லை. தந்தையார் சந்தைத் தராசைச் சொல்லி விளக்கினார்: "கடைக்காரர் தராசை எடுக்காமலே கடையை மூடினால் அது ஒரு வகை, எடுத்து நிறுத்தி இரண்டு தட்டும் நேராக நின்றால் அது வேறு வகை." முன்னதை 'வெற்றி தோல்வியின்றி' என்றும் பின்னதைச் 'சமன்' என்றும் வரையறுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். நாற்பதாண்டுகள் ஆகியும் எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பேணவில்லை.

குறைகளும் உண்டு

புகழ்ந்தே போவது திறனாய்வாகாது. வானொலித் தமிழ் வருணனையில் மூன்று குறைகளைக் கண்டோம். முதலாவது, அணி மிகுதி. ஆட்டம் மந்தமான வேளையில் உவமைமேல் உவமையாய் அடுக்கி, பந்து எங்கே போனதென்பதை மறந்துவிடுவதுண்டு. இரண்டாவது, ஓட்டக் கணக்கைச் சொல்லத் தவறுவது. அலுவலகத்திலிருந்தோ வயலிலிருந்தோ வந்து அப்போதுதான் பெட்டியைத் திருகியவனுக்கு முதல் தேவை எண்ணிக்கை. அதற்காக இரண்டு ஓவர் காத்திருந்து, இடையில் மின்கலம் தீர்ந்து, கணக்கறியாமலே உறங்கச் சென்ற நாள்களுண்டு. மூன்றாவது, நம்மவர் பக்கம் சாய்தல். எதிரணியார் அடித்த நல்ல அடியைத் 'தப்பிப் பிழைத்த பந்து' என்னும்போது கேட்பவன் ஏமாற்றப்படுகிறான். கண்ணைக் கடன் கொடுத்தவன் அதில் வண்ணம் பூசிக் கொடுக்கலாகாது.

இக்குறைகள் கலையின் குறைகளல்ல. கையாண்டவர் சோர்ந்த இடங்கள். ஒத்த கலை பிற நாடுகளிலும் இருந்தது. இங்கிலாந்தின் ஜான் ஆர்லட் பி.பி.சி.யில் கவிதை நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர், தாமே கவிஞர். அமெரிக்காவில் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணிக்கு வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் வருணனை செய்தார். லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் அமர்ந்து ஆட்டத்தை நேரில் கண்டவர்களே, அவர் சொல்லைக் கேட்பதற்காக டிரான்சிஸ்டரையும் கொண்டு சென்றனராம். சேப்பாக்கத்துப் படிக்கட்டுகளிலும் அதே காட்சிதான். கண்ணால் கண்டவர்க்கும் சொல் வேண்டியிருந்தது என்றால், வருணனை பார்வைக்கு மாற்று மட்டுமன்று. பார்த்ததற்குப் பொருள் தருவது.

மௌனம் பேசிய பிற்பகல்

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியில் அத்தை இல்லத்திலிருந்து சித்தூருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். பேருந்தின் தகரக் கூட்டுக்குள் மத்திய அலை நுழையாது. சன்னலுக்கு வெளியே கைநீட்டிப் பெட்டியைப் பிடித்திருந்தோம். பாகிஸ்தானுக்கு எதிரே 271 ஓட்டங்கள் இலக்கு. 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்தபின் டெண்டுல்கரும் மோங்கியாவும் ஆட்டத்தை மீட்டிருந்தார்கள். பூதலப்பட்டில் தேநீருக்காக வண்டி நின்றது. இறங்கி நின்றவர்கள் ஏறவில்லை. நடத்துநரும் ஊதலை வாயில் வைத்தபடியே நின்றார்.

டெண்டுல்கர் 136 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். அப்போது மொத்தம் 254. எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் சாய்ந்தன. பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி. ஒலிவாங்கியில் இருந்தவர் முடிவைச் சொன்னார், பிறகு பேசவில்லை. அரங்கத்தின் இரைச்சலும் அடங்கிற்று. பெட்டி பழுதாயிற்றோ என்று தட்டிப் பார்த்தோம். அந்த வெறுமையிலிருந்து கைதட்டல் எழுந்தது; மழை வருவது போல் தூரத்தில் தொடங்கி நெருங்கி வந்தது. அதன்பின்னரே அக்குரல் திரும்பி, கூட்டம் எழுந்து நிற்பதையும், பாகிஸ்தான் அணியினர் மைதானத்தை வலம் வருவதையும் சொல்லிற்று.

தமிழறியாத நடத்துநர் நம் தோளைத் தொட்டு, "ஏமய்யிந்தி?" என்றார். தோற்றோம் என்று தெலுங்கில் சொன்னோம். "தோற்றவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள்?" என்று கேட்டார். சேப்பாக்கத்துக் கூட்டம் எதிரியின் வெற்றியை எழுந்து நின்று வாழ்த்துகிறது என்று மொழிபெயர்த்தோம். அவர் சற்று நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு ஊதலை ஊதினார். மொழிபெயர்ப்பதற்கு முன் அந்த மௌனம் இருந்திராவிட்டால் நம் சொற்கள் அவருக்குப் பொருள்பட்டிரா. எப்போது பேசாதிருப்பது என்பதை அறிந்த வருணனையே உயர்ந்த வருணனை.

எங்கே?

காலம் மாறியது. 2017-இல் தமிழுக்கென்றே தனி விளையாட்டுத் தொலைக்காட்சி வந்தது. முன்னாள் வீரர்களும் நகைச்சுவையாளர்களும் அதில் தமிழில் பேசுகிறார்கள். நுட்பங்களை ஆடியவர்களே விளக்குவது வானொலியில் நமக்குக் கிட்டாத பேறு. எனினும் அது வருணனையன்று; உரையாடல். படம் கண்முன் இருக்கையில் பந்து போன திசையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் சிரிப்பு, கேலி, சினிமாச் செய்தி ஆகியன இடத்தை நிரப்புகின்றன. இதில் மனிதர்களைக் குறைகூறல் தகாது. சாதனம் மாறினால் கலையும் மாறும். ஆனால் மாறியபோது நாம் இழந்தது எது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கு அது ஓர் இரவில் தெரிந்தது. 2023-ஆம் ஆண்டு ஐ.பி.எல். இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போய், மே 30 விடியலுக்கு முன் முடிந்தது. தந்தையாருக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. தொலைக்காட்சியின் பேச்சு அவருக்கு உதவவில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் மகளைப் பாட்டனாருக்குச் சொல்லும்படி பணித்தோம். சென்னை வெல்ல இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டும். ஜடேஜா அடித்தார். "அடிச்சிட்டாரு தாத்தா! சூப்பர்!" என்று குதித்தாள். "எங்கேம்மா போச்சு?" என்றார் தந்தையார். அவள் திகைத்தாள். திசை என்ற ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "நேரா... தலைக்கு மேல... கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்று தேடித் தேடிச் சொன்னாள். தந்தையார் தலையசைத்தார்.

கடைசிப் பந்து. இம்முறை அவள் குதிக்கவில்லை. "ஓடி வர்றாரு... காலுக்குப் பக்கத்துல போட்டாரு... லேசாத் திருப்பிவிட்டாரு... பின்னாடி ஓடுது... ஒருத்தர் குனிஞ்சு கை நீட்டுறாரு... பந்தை..." ஓர் இமைப்பொழுது நிறுத்தி, "பிடிக்க முடியல!" என்றாள். எதிர்மறையை இறுதியில் வைத்தாள். எவரும் கற்பிக்கவில்லை. நம் மொழியே கற்பித்தது.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, பழைய ஒலிநாடாக்களில் வருணனையைப் பதிவு செய்து வைத்திருப்போர் அவற்றைச் சங்கத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும்; எழுத்தில் பெயர்த்து, சொற்பட்டியலுடன் ஒரு சிறு நூலாக்கலாம். இரண்டாவது, எளியது. அடுத்த ஆட்டத்தின்போது தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றே அடக்கிவிட்டு, வீட்டிலுள்ள முதியவர்களுக்கு ஆட்டத்தைத் தமிழில் சொல்லுமாறு பிள்ளைகளைப் பணியுங்கள். அவர்கள் தடுமாறுவார்கள். அப்போது திருத்த வேண்டா, "எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில்லாத ஊரில் அதுவும் ஒரு பள்ளிக்கூடம்.